கோடை நாள் முழுக்க ஓடுகிறேன், தூரிகையைத் தொட முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 43. மதுரையில் அண்ணா நகர் பக்கம் குடியிருக்கிறோம். நான்கைந்து கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து தருகிறேன். கணவர் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் வருவார். பதினோராம் வகுப்பு முடித்த மகன் விடுமுறையில் இருக்கிறான். மாமியாருக்கு 72 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கை எம்பிராய்டரி போடுவேன். இப்போது வாட்டர் கலரும் கற்றுக்கொள்கிறேன். இந்தக் கோடையில் இரண்டும் அப்படியே நிற்கின்றன.

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எழுதிப் பார்த்தேன். 6:15க்கு எழுந்தால் 9:30 வரை சமையல், வீட்டு வேலை. 10:30க்கு வெளியே கிளம்பி காய்கறி, ரேஷன், மாத்திரை, கடைகளில் பில் கட்டு எல்லாம் வாங்கிக்கொண்டு 12:45க்குத் திரும்புகிறேன். அப்போதே தலை வலிக்கிறது. சாப்பிட்டுப் படுத்தால் 3 மணி வரை எழ முடிவதில்லை. 3:30 முதல் 7 வரை கணக்கு வேலை, பிறகு இரவுச் சமையல். பத்து மணிக்கு மாடி அறையில் ஃபிரேமை எடுத்து உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோர்க்கவே கண் ஒத்துழைக்கவில்லை. கழுத்து வலிக்கிறது. பத்து நிமிடத்தில் மூடி வைத்துவிடுகிறேன். நான் சோம்பேறி ஆகிவிட்டேனா? வெறும் பொழுதுபோக்குதானே, விட்டுவிடலாமா? பக்கத்து வீட்டு அக்கா, "ஆரி ஆர்டர் எடு, காசு வந்தால் வீட்டில் தானாக நேரம் கொடுப்பார்கள்" என்கிறார். அது சரியா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நாளை மணிவாரியாக எழுதி அனுப்பியது ரொம்ப நல்லதாகப் போயிற்று. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் சிரமமின்றிச் செய்ய உதவும் சிகிச்சையாளர்) என்ற முறையில், என்னிடம் வருகிறவர்களை நான் முதலில் செய்யச் சொல்வதும் அதைத்தான். விட வேண்டாம், இரண்டையுமே விட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோம்பேறித்தனம் என்ற சொல்லையும் இதில் சேர்க்காதீர்கள். நீங்கள் எழுதி அனுப்பிய நாளில் அதற்கு இடமே இல்லை.

உங்கள் அட்டவணையில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 10:30 முதல் 12:45 வரையிலான நேரம். மே மாதம், மதுரை, கத்திரி வெயில், கையில் காய்கறிப் பை. அந்த நேரத்தில் வெளியே நடக்கும்போது உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள ரத்தத்தைத் தோலை நோக்கித் திருப்புகிறது. வியர்வையாக நீரும் உப்பும் போகின்றன. இதயம் வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்கிறது. நீங்கள் சொல்கிற தலைவலியும் அசதியும் பெரும்பாலும் இதன் விளைவுதான். அதன்மேல் மதியச் சாப்பாடு. போதாததற்கு, மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் யாருக்குமே விழிப்பு இயல்பாகக் கொஞ்சம் இறங்கும். எனவே 3 மணி வரை நீங்கள் எழ முடியாமல் கிடப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இரண்டேகால் மணி நேரம் வெளியே போனதற்கு உடல் இன்னொரு இரண்டேகால் மணி நேரத்தை வசூலித்துவிடுகிறது. உங்கள் தூரிகைக்கான நேரம் அங்கேதான் போகிறது.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது வெளி வேலைகளின் நேரத்தை. உங்கள் பகுதியிலேயே உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாகத் தொடங்கியதே அந்த அண்ணா நகர் சந்தைதான். விடியற்காலையிலேயே காய் வந்து இறங்கும் இடம் அது. பத்தரைக்குப் போனால் நல்ல காயும் முடிந்திருக்கும், நிழலும் இருக்காது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆறு மணிக்குப் போய் ஏழுக்குள் திரும்பிவிடுங்கள். மற்ற நாட்களில் காய்க்காக வெளியே போகவே வேண்டாம். பிரஷர் மாத்திரையை அட்டை அட்டையாக வாங்காமல், மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிடுங்கள். கடைக்காரர்களின் பில்களில் பெரும்பகுதியை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பச் சொல்லலாம். கட்டாகத்தான் தருவேன் என்கிறவர்களிடம் மாலை ஐந்தரைக்கு மேல் போய் வாங்கிக்கொள்ளலாம்.

ரேஷனுக்கு நீங்களேதான் போக வேண்டும் என்றில்லை. அட்டையில் மகன் பெயர் இருந்து ஆதாரும் இணைந்திருந்தால் அவனே கைரேகை வைத்து வாங்கி வரலாம். பதினாறு, பதினேழு வயதுப் பையனுக்கு இது பாரமில்லை, பழக வேண்டிய வேலையும்கூட. ஆனால் வெயில் அவனுக்கும் வெயில்தான். அவனையும் உச்சி நேரத்தில் அனுப்பாதீர்கள்.

வெளியே போக வேண்டியதை இப்படிக் காலையிலும் மாலையிலும் ஒதுக்கிவிட்டால், 9:30க்கு வீட்டு வேலை முடிந்ததும் உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. கண் தெளிவாக இருக்கும், கை சோர்ந்திருக்காது, வெளிச்சம் நன்றாக இருக்கும், வீடும் முழுதாகச் சூடேறியிருக்காது. அந்த ஒரு மணி நேரத்தை ஓவியத்துக்குக் கொடுங்கள். 10:30 முதல் 1 மணி வரை கணக்கு வேலை. சாப்பிட்டு அரைமணி, முக்கால்மணி படுங்கள். வெயிலில் அடிபடாத உடம்பு அதற்குள் எழுந்துவிடும். 3 மணிக்கு மறுபடி உட்கார்ந்தால் ஐந்துக்குள் அன்றைய வேலையை முடிக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது நீங்கள் கணக்கு வேலைக்குச் செலவிடும் மூன்றரை மணி நேரம் நாலரையாகிறது, ஓவியத்துக்கு ஒரு மணி நேரமும் கிடைக்கிறது. ஆறு மணிச் சந்தைக்கு எழ வேண்டுமானால் இரவு பத்து மணிக்குப் படுத்துவிட வேண்டும். பத்து மணிக்கு ஃபிரேமை எடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டால் அதுவும் நடக்கும்.

வேலைக்கு முன்னால் ஓவியமா, வீட்டில் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கம் வரும். இதில் என் கருத்து உறுதியானது. பிடித்த கைவேலையை எல்லாக் கடமையும் முடிந்த பிறகு கிடைக்கும் பரிசாக வைத்தால், அது கிடைக்கவே கிடைக்காது. வீட்டுக் கடமைகள் முடிவதில்லை. நாளின் மிக மோசமான நேரத்தை, எல்லோருக்கும் கொடுத்ததுபோக மிச்சமிருக்கும் கண்ணையும் கையையும் அதற்குக் கொடுத்துவிட்டு, முன்போல் வரவில்லையே என்று வருந்துகிறீர்கள். பத்து மணிக்கு உங்களிடம் ஒரு ஜி.எஸ்.டி. படிவத்தைக் கொடுத்தாலும் தப்பும் தவறுமாகத்தான் வரும்.

"வெறும் பொழுதுபோக்குதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். என் துறையே அதை அப்படிப் பார்ப்பதில்லை. முதல் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்களைக் கூடை முடையவும் நெய்யவும் வைத்துத் தேற்றிய அனுபவத்தில் வளர்ந்த துறை இது. மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் 1922இல் எழுதிய ஒரு கட்டுரையில், வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் இந்த நான்கும் சமன்பட்டு இருக்க வேண்டும் என்றார். இன்றுவரை எங்கள் பாடத்தில் அது உண்டு. இதில் விளையாட்டு என்பது உங்கள் எம்பிராய்டரியும்தான். அதை ஓய்வோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. படுத்திருப்பது ஓய்வு. தைப்பதற்குத் தெம்பு வேண்டும்.

உங்கள் இரண்டு கலைகளும் ஒரே மாதிரி நேரம் கேட்பவை அல்ல. வாட்டர் கலர் இடையூறு தாங்காது. ஒரு வாஷ் (நீர்த்த வண்ணத்தைப் பரவலாகப் பூசுவது) போட்டுவிட்டுக் குக்கர் விசிலுக்கு எழுந்து போனால், திரும்பி வரும்போது ஓரம் காய்ந்து கோடு விழுந்திருக்கும். எம்பிராய்டரியைப் பாதி வரிசையில் குத்தி வைத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். ஆகவே காலை ஒரு மணி நேரம் ஓவியத்துக்கு இருக்கட்டும். எம்பிராய்டரியை ஒரு சிறு பையில் போட்டு எப்போதும் கையெட்டும் இடத்தில் வையுங்கள். சிறிய ஃபிரேம், கத்தரி, முன்கூட்டியே முழங்கை நீளத்துக்குச் சற்று அதிகமாக வெட்டி வைத்த நூல்கள், இரண்டு மூன்று ஊசியில் கோர்த்தே வைத்தது என்று தயாராக இருந்தால், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காத்திருக்கும் நேரத்திலும் ஒரு இலை முடியும். கோடையில் விரல் வியர்ப்பதால் வெளிர் நிற நூல் சீக்கிரம் அழுக்காகும். பையில் ஒரு சிறு துண்டும் இருக்கட்டும். இந்த மாதங்களில் அடர் நிற வேலையாக எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அடுத்தது அந்த மாடி அறை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை பகல் முழுக்க வாங்கிய சூட்டைக் கான்கிரீட் வழியாக இரவிலும் விட்டுக்கொண்டே இருக்கும். பத்து மணிக்கு வெளியே காற்று குளிர்ந்திருந்தாலும் அந்த அறை குளிராது. கோடை முடியும்வரை மேஜையைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். எந்த ஜன்னல் பக்கம் போடுவது? ஓவிய வகுப்புகளிலும் வீடியோக்களிலும் வடக்கு ஜன்னல்தான் நல்லது என்பார்கள். ஐரோப்பாவில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமாகவே நிற்பதால், அங்கே வடக்கு ஜன்னலில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் நேர் வெயில் படாமல் ஒரே சீரான வெளிச்சம் வரும். மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. நமக்கு ஏப்ரல் நடுவில் சூரியன் உச்சந்தலைக்கு வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கும். அந்த மாதங்களில் வெயில் எட்டிப் பார்ப்பது வடக்கு ஜன்னலில். தெற்கு ஜன்னல்தான் நிழல். எனவே கீழே தெற்கு ஜன்னல் இருந்தால் இப்போதைக்கு மேஜையை அங்கே போடுங்கள். செப்டம்பரில் வேண்டுமானால் வடக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். வலது கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். தூரிகையின் நிழல் காகிதத்தில் விழாது.

கோடையில் வண்ணம் சீக்கிரம் காய்வதுதான் வாட்டர் கலர் கற்பவர்களை ரொம்பச் சோர்வடையச் செய்யும். கை வரவில்லை என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் காகிதத்துக்கு நேர் மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். வாஷ் போடும் சில நிமிடங்களுக்கு மட்டும் ஃபேனை நிறுத்துங்கள், இல்லையென்றால் காற்று உங்கள் மேல் மட்டும் படுகிற மாதிரி டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்கள். 300 ஜி.எஸ்.எம். தடிமனுள்ள காகிதத்தை இரண்டு பக்கமும் நனைத்து ஒரு வழவழப்பான பலகையில் ஒட்டிப் போட்டால் ஈரம் நெடுநேரம் நிற்கும். பருத்திக் காகிதம் விலை கூடுதல்தான், ஆனால் ஈரத்தைப் பிடித்துவைப்பதில் மரக்கூழ்க் காகிதம் அதற்கு ஈடில்லை. வானம் மாதிரி பெரிய பரப்புள்ள படங்களை மழைக்காலத்துக்கு வைத்துக்கொண்டு, இப்போது உள்ளங்கை அளவில் வரையுங்கள். சந்தையிலிருந்து வந்த கத்தரிக்காயும் மாங்காயும் போதும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிற நாளில் ஃபேனை மட்டும் நம்பி எதற்காகவும் உட்கார வேண்டாம். 40 டிகிரிக்குக் கீழே இருந்தால் மட்டுமே மின்விசிறியைப் பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் அது அனல் காற்றைத்தான் உடம்பின் மேல் தள்ளும். அந்த நாளில் ஈரத்துணியால் கை கால் கழுத்தைத் துடைத்துக்கொள்வதுதான் குளிர்ச்சி தரும்.

கண் விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். நாற்பதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து. நூல் கோர்க்க முடியவில்லை, அதுவும் மங்கலான விளக்கில் முடியவில்லை என்பது அதன் முதல் அடையாளம். கண் மருத்துவரிடம் போகும்போது ஃபிரேமை நீங்கள் எவ்வளவு தூரத்தில் பிடிப்பீர்கள், கம்ப்யூட்டர் திரை எவ்வளவு தூரம் என்று இரண்டு அளவையும் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே கண்ணாடி சரிப்பட்டு வராமல் போகலாம். கழுத்து வலிக்கும் இதில் பங்குண்டு. கண் தெரியாததால்தான் குனிகிறோம். மடியில் இரண்டு தலையணை வைத்து ஃபிரேமை நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், முதுகைச் சாய்த்து உட்காருங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பாருங்கள், அப்படியே ஊசியைக் கீழே வைத்துவிட்டு விரல்களை விரித்து மூடுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது என்றால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது உங்கள் வயதுப் பெண்களுக்கு, அதிலும் மவுஸும் ஊசியும் மாறி மாறிப் பிடிப்பவர்களுக்கு வரக்கூடியது. ஆரம்பத்தில் பார்த்தால் பெரும்பாலும் மணிக்கட்டில் கட்டும் பட்டையிலேயே குறைந்துவிடும். வெளியே போய்வந்த பிறகு தலைவலியோடு வாந்தியோ, தலைசுற்றலோ, குழப்பமோ வந்தாலும் அதை அசதி என்று விடாதீர்கள், உடனே குளிர்ந்த இடத்துக்குப் போய் மருத்துவ உதவி கேளுங்கள்.

நான் சொன்ன அட்டவணை மாதம் முழுவதும் நடக்காது என்பது உங்களுக்கே தெரியும். ஜி.எஸ்.டி.ஆர்.-1 (விற்பனை விவரப் படிவம்) தாக்கல் 11ஆம் தேதி, 3பி (மாத வரிப் படிவம்) 20ஆம் தேதி. இந்த இரண்டுக்கும் முந்தைய மூன்று நாட்களில் ஓவிய நேரத்தைக் கணக்கு வேலைக்கு விட்டுக்கொடுங்கள், எம்பிராய்டரிப் பை மட்டும் போதும். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். 12 முதல் 16 வரையும், 21 முதல் மாதக் கடைசி வரையும் காலை ஒரு மணி நேரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். சமையலறைக் காலண்டரில் இந்த நாட்களை வட்டமிட்டு வையுங்கள், மகனும் கணவரும் பார்க்கட்டும்.

மாமியாரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை, ஆனால் மே மாதம் என்றால் வற்றல் வடாம் இருக்குமே என்று நினைத்துக்கொண்டேன். விடியற்காலையில் கூழ் கிண்டி எட்டு மணிக்குள் மாடியில் பிழிந்துவிடுவது உங்களுக்குப் பிடித்த வேலை என்றால், அந்த நாளில் அதுதான் உங்கள் கைவேலை. தூரிகை அன்று சும்மா இருக்கட்டும். பிடிக்காமல், செய்ய வேண்டுமே என்று செய்கிறீர்கள் என்றால், இந்த வருடம் வடாமைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்று மாமியாரிடம் மரியாதையாகவே பேசிப் பாருங்கள். அவருக்கும் பகலில் கைக்கு வேலை வேண்டும். நூல்களை நிறவாரியாகச் சுற்றிக் கொடுக்கக் கேளுங்கள், நீங்கள் வரையும் மேஜைக்குப் பக்கத்தில் அவர் உட்காரட்டும். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கோடையில் தாகமே சரியாகத் தெரியாது. நீங்கள் குடிக்கும்போதெல்லாம் அவருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிடலாம். பிரஷர் இருப்பதால் உப்புப் போட்ட மோரை மட்டும் அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாக, பக்கத்து வீட்டு அக்கா சொன்னது. அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆரி வேலையில் நல்ல வருமானம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கோடையில் வேண்டாம் என்பது என் ஆலோசனை. வைகாசி முகூர்த்தத்துக்குப் பிளவுஸ் எடுத்தால் அதற்குத் தேதி உண்டு. வாடிக்கையாளர் சொன்ன நிறம், சொன்ன டிசைன், கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு வரும் திருத்தம் எல்லாம் சேர்ந்து வரும். ஏற்கெனவே 11, 20 என்று இரண்டு கெடுவோடு வாழ்கிறீர்கள். மூன்றாவது கெடு வந்தால் உங்கள் நாளில் வேலை, ஓய்வு, உறக்கம் மூன்றுதான் மிஞ்சும். நான்காவதான விளையாட்டு போய்விடும். காசு வந்தால்தான் வீட்டில் நேரம் தருவார்கள் என்ற எண்ணத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் கணவரிடம் இந்தக் கடிதத்தில் எழுதியதை நீங்கள் நேரில் சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. முதலில் அதைச் சொல்லுங்கள். ஆகஸ்ட் வரை இந்த ஏற்பாட்டில் போய்ப் பாருங்கள். அதன் பிறகும் ஆர்டர் எடுக்க ஆசை இருந்தால், ஒரே ஒரு பிளவுஸ், முகூர்த்தம் இல்லாத மாதத்தில், தெரிந்தவர் ஒருவருக்கு என்று தொடங்கலாம். அப்போதும் காலை ஒன்பதரை மணி மட்டும் உங்களுக்கே இருக்கட்டும்.